சீரோடு வந்த பிள்ளைகள்

எங்கள் ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். நன்னிலம் பக்கம் ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு ஊர். அங்கே மாதா கோயிலை ஒட்டி ஓட்டுக்கூரையோடு நிற்கும் தொடக்கப்பள்ளி அது. கோயில் சாமியார்தான் தாளாளர், சம்பளம் அரசாங்கம் தருகிறது, நான் தலைமை ஆசிரியை. ஊரில் பாதிக்கு மேல் இந்துக்கள், கடைத்தெருவில் முஸ்லிம்கள், கோயிலைச் சுற்றி நாங்கள் கொஞ்சம் பேர். எல்லாருமே இங்கே படித்தவர்கள். என்னைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "சாப்ட்டீங்களா டீச்சர்" என்று கேட்பார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் மட்டும் காலையில் மஞ்சள் வேனில் ஏறி டவுனுக்குப் போய்விடும்.

ஒன்றாம் வகுப்பில் சேர ஆளில்லாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டது. மூன்று, நான்கு, ஐந்தில்தான் கொஞ்சம் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாம் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஈஸ்டர் முடிந்த வாரம் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், இந்த வருஷமும் ஒண்ணாம் வகுப்புல பிள்ளை இல்லேன்னா என்னால மேல பேச முடியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற ஸ்கூலோட சேத்துடுவாங்க."

"ஒரு பிள்ளை வந்தா போதுமா ஃபாதர்?"

"ஒண்ணு வந்தாலும் வகுப்பு நடக்குதுன்னு சொல்லி இந்த வருஷத்த ஓட்டிடலாம்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் லாரி ஓடுகிற புறவழிச்சாலையைத் தாண்ட வேண்டும். வெயில் ஏறும்வரை பயறு பறித்துக்கொண்டிருக்கும் தாய் எப்படிக் கொண்டுபோய் விடுவாள்? பெரிய பையன்களாவது போவார்கள். சின்னப் பெண்கள் வீட்டிலேயே நின்றுவிடும். எனக்குத் தெரியும், நிறையப் பார்த்தாயிற்று.

அதனால் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, சேர்க்கிற வயதில் பிள்ளை உள்ள பெற்றோர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்ட அழைப்பது என்று முடிவு செய்தேன். நோட்டீஸ் அடித்தால் அதில் வடையைத்தான் மடிப்பார்கள். கல்யாணத்துக்கு அழைப்பது போலத் தட்டு எடுத்துக்கொண்டு போனோம், நானும் சத்துணவு சமைக்கிற அக்காவும். இந்து வீடுகளில் வெற்றிலை பாக்கு, குங்குமம். கடைத்தெருவில் சந்தனமும் கற்கண்டும். கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் ஒன்றுமில்லாமல் போய்த் திட்டு வாங்கினோம்.

"நம்ம ஸ்கூலு டீச்சர், வராம இருப்போமா?" என்று எல்லா வாசலிலும் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் என் கையால் அடி வாங்கிய கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளையைச் சேர்ப்பீர்களா என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

ஒரே ஒரு வீட்டில்தான் என்னைக் கேள்வி கேட்டார்கள். வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து, தன் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். தெருத்தெருவாக மீன் விற்பவள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதில் ஒரு பெண் பிள்ளை நின்றது.

"நெறையப் பிள்ளைங்க படிக்குதா டீச்சர்?" என்றாள்.

"ஏம்மா கேக்குற?"

"இதோட அப்பா கடலுக்குப் போயி திரும்பல. அன்னையிலேருந்து இது யார்கிட்டயும் பேசுறதில்ல. எங்கிட்ட மட்டும், அதுவும் காதுக்குள்ளதான். நாலு பிள்ளைங்களுக்கு நடுவுல விட்டீங்கன்னா தானா பேசும்னு பெரியாஸ்பத்திரில சொன்னாங்க. அதான் கேட்டேன். கூட்டமா இருந்தா போதும் எனக்கு, படிப்பு வந்தா வருது."

எங்கள் கூட்டத்தின் லட்சணம் எனக்கல்லவா தெரியும். "சனிக்கிழமை வந்து பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. பந்தல்கால் நட்டு, கோலம் போட்டு, நானும் உதவி ஆசிரியையும் வாசலில் நின்றோம். தூரத்தில் மேளச்சத்தம் கேட்டது. பார்த்தால் ஊரே திரண்டு வருகிறது. கல்விச் சீர் கொண்டு வருகிறார்களாம். இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஊர்க்காரர்கள் சீர் எடுப்பது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. தாம்பாளம் தாம்பாளமாக வாழைப்பழம், நோட்டு, பென்சில், சாக்பீஸ். பின்னால் நாற்காலி, பீரோ, இரண்டு மின்விசிறி, பித்தளைக் குடம். கடைத்தெரு ஜமாத்திலிருந்து தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின். சும்மா சொல்லக் கூடாது, பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது செய்வது போலச் செய்தார்கள். பிள்ளையே இல்லாத வகுப்புக்கு எதற்கய்யா மின்விசிறி என்று கத்த வேண்டும் போல இருந்தது. சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன்.

சீரை எல்லாம் உள்ளே அடுக்கிவிட்டு ஒன்றாம் வகுப்பு அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அறை நிறையப் பிள்ளைகள். தலைவாரிப் பூ வைத்து, பவுடர் பூசி, பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். மிஸ் என்றதும் விளங்கிவிட்டது. அத்தனையும் மஞ்சள் வேன் பிள்ளைகள்.

சத்துணவு அக்கா என் காதருகில் வந்தாள். "கோச்சுக்காதீங்க டீச்சர். வர்றவங்க வெறும் ரூமைப் பாத்தா நமக்கு அசிங்கமில்லையா? அதான் வீடுவீடா சொன்னேன். யாருமே மறுக்கல. ஒரு நாளைக்குத்தானேன்னு அவங்களே தலைவாரி அனுப்பிட்டாங்க."

அடப் பாவிகளா என்று வந்தது, வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அக்கம்பக்கத்தார் அண்டா குண்டான் இரவல் கொடுப்பார்கள், ஜமுக்காளம் கொடுப்பார்கள். அதே மனசோடுதான் பிள்ளைகளையும் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பிய தாய்மார்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று வேப்பமரத்தடியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் மீன்காரப் பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். மகளை இடுப்பில் வைத்திருந்தாள். அறையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"இவ்ளோ பிள்ளைங்களா டீச்சர்?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பொய் என்று சொல்லக்கூட அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை.

பிள்ளை இறங்கமாட்டேன் என்று அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டது. சுவர் ஓரத்தில் கடைத்தெரு வீட்டுப் பெண் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் அத்தா சவூதியில் இருக்கிறார், அம்மா என் பழைய மாணவி. வாய் ஓயாத பிள்ளை. அது எழுந்து வந்து, "எங்கிட்ட வா, நான் கலர் பென்சில் தர்றேன்" என்று கையைப் பிடித்து இழுத்தது. என்ன மாயமோ, இதுவும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் தலையோடு தலை முட்ட ஒரு மீன் வரைந்தன. கடைத்தெருப் பெண் வரைந்ததைப் பார்த்து இது கையைத் தட்டிவிட்டு, அறைக்கே கேட்கிற குரலில், "மீனுக்கு இங்க முள்ளு இருக்கும்" என்றது.

அம்மாக்காரி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். "பேசுதே, டீச்சர், என் தங்கம் பேசுதே" என்று அழுதாள். சத்துணவு அக்காவும் அழுதாள். நான் அழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கே அவள் மகளைச் சேர்த்துவிட்டுப் போனாள். சாமியாருக்குப் போன் செய்து, "ஒண்ணு கிடைச்சிடுச்சு ஃபாதர்" என்றேன். ஸ்தோத்திரம் சொன்னார். வேறு யாரும் சேர்க்கவில்லை. மத்தியானம் எல்லாரும் சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டு, பள்ளிக்கூடம் அந்தக் காலத்து மாதிரியே இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, தங்கள் தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அந்தப் பிள்ளை முதல் ஆளாக வந்துவிட்டது. புதுச் சீருடை, கையில் கலர் பென்சில் டப்பா. நேரே ஒன்றாம் வகுப்பு அறைக்குப் போய், சுவர் ஓரத்தில் அன்று உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தது. பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தது. பிரார்த்தனை முடிந்தது, காலை உப்புமா முடிந்தது, யாரும் வரவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு கொண்டுபோய் உட்கார வைத்தேன். அவர்கள் பாவம், இலந்தை வடை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இது கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்துவிட்டு, நான் திரும்பிய நேரம் மறுபடியும் சுவர் ஓரத்துக்கே போய்விட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தது. கேட்கவில்லை, பார்த்தது மட்டும்தான்.

மஞ்சள் வேன் தினமும் எங்கள் கேட்டுக்கு எதிரில்தான் நிற்கும். ஒரு நாள் அதன் ஜன்னலில் கடைத்தெருப் பெண்ணை இந்தப் பிள்ளை பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு காலையில் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வேலையாயிற்று.

என்னால் தாங்க முடியாமல் கடைத்தெருவுக்குப் போனேன். என் பழைய மாணவியிடம், ஒரு பருவம் மட்டுமாவது மகளை அனுப்பு என்று கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம ஸ்கூல் மானம் போகக் கூடாதுன்னுதான் டீச்சர் அன்னைக்கு அனுப்புனேன். தெனமும்னா எப்படி டீச்சர்? இவ இங்கிலீஷ்ல படிக்கணும்னுதான் இவ அத்தா அங்க கெடந்து கஷ்டப்படுறாங்க. நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட?" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? எழுந்து வந்துவிட்டேன்.

மறுவாரம் ஒரு நாள் மணி அடித்தபின் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. கிணற்றடி, கோயில், கழிப்பறை எல்லாம் தேடினோம். அப்போதுதான் ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. நான் கரையில் பைத்தியக்காரி போல ஓடினேன். மாதாவே, என் பள்ளிக்கூடம் மூடினால் மூடட்டும், பிள்ளையைக் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். அந்த நேரம் மனசார வேண்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் வேன் திரும்பி வந்து நின்றது. பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாக அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த ஊரில்தான் டிரைவர் கவனித்திருக்கிறார். பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "யாரு டீச்சர் இந்த வாயாடி? வழி பூரா தொணதொணன்னு பேச்சு. எல்லாப் பிள்ளையையும் சிரிக்க வச்சிடுச்சு" என்றார். என் கைக்கு வந்ததும் அது வாயை மூடிக்கொண்டது.

சேதி கேட்டு அம்மா வந்தாள். நாற்றம் அடிக்கும் என்று மீன் கூடையை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றாள். ஒன்றாம் வகுப்பு அறையை எட்டிப் பார்த்தாள். சுவர் ஓரத்தில் மகள், மேலே சுற்றுகிற புது மின்விசிறி. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாலத்துக்கு அந்தாண்ட ஸ்கூல்ல நெறையப் பிள்ளைங்க இருக்காமே டீச்சர். நான் மீனு விக்கிற வழிதான். கொண்டுபோய் விட்டுட்டு, வர்றப்ப கூட்டிட்டு வந்துடுவேன். இவளை அங்கயே மாத்திக்கிறேன் டீச்சர். நீங்க தப்பா நெனக்கக் கூடாது."

சரிம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆற்றங்கரையில் அப்படி வேண்டிக்கொண்டவள்தானே நான். ஆனால் அடுத்த அறையில் மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. கல்வி அதிகாரி பார்வையிட வரும் நேரம். என்ன செய்கிறோம் என்று எனக்கே தெரியாமல் அவள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டு வைம்மா. உன் மக போனா இத்தனை பிள்ளைங்களும் நடுத்தெருவுல நிக்கும். அடுத்த வருஷம் நானே கொண்டுபோய் அங்க சேத்து விடுறேன்."

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்து இறக்கினாள். "ஐயோ, என்ன டீச்சர் இது, நீங்க போயி என்னைக் கும்பிட்டுக்கிட்டு. இருக்கட்டும் டீச்சர். இருந்துட்டுப் போகட்டும்." டீச்சர் கும்பிட்டால் அவளைப் போன்றவர்களுக்கு மறுக்கத் தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். மகளின் காதில் என்னவோ சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அதிகாரி வந்தார். ஒன்றாம் வகுப்பைப் பார்த்தார். பிள்ளையிடம் பெயர் கேட்டார், அது சொல்லவில்லை, நான் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார். சாமியார் பூசையில் நன்றி அறிவித்தார். ஊர்க்காரர்கள் வழியில் பார்க்கும்போது, "நம்ம ஸ்கூலைக் காப்பாத்திட்டீங்க டீச்சர்" என்கிறார்கள். இப்போது குறுவை அறுப்பு நடக்கிறது. நான் தினமும் அந்த அறையில் பாயில் உட்கார்ந்து கதை சொல்கிறேன், பாடுகிறேன், மீன் வரைந்து முள்ளைத் தப்பாகப் போட்டுக் காட்டுகிறேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடம் இந்த வருடம் மூடப்படவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் வாய் திறக்கவில்லை.