ஏழு நிமிடம் முந்திய சர்வர்

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கே ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தேன். ஆலோசகர் என்றால், பழைய சர்வர்களின் குணம் தெரிந்த கடைசி ஆள் என்று பொருள். அங்குள்ள நடைமுறைக் கையேடுகளில் பாதிக்கு மேல் நான் எழுதியவை. யாரும் படித்ததில்லை. ஆடிட்டர்கள் புரட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

சர்வர்களைக் கவனிக்க ஓர் ஏஐ ஏஜெண்ட் வந்தது. வேண்டியதைத் தமிழில் எழுதினால் போதும். அதுவே சர்வருக்குள் பார்த்து, எதை மாற்றப்போகிறது என்று சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு மாற்றிவிடும். ஒருநாள் மதியம், வருகைப்பதிவு சர்வரின் நெட்வொர்க் முகவரியை மாற்றச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் முடித்து, சோதித்தும் காட்டியது. பிறகு கேட்டது:

"இந்தச் சர்வரின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது. சரியான நேரத்துக்கு மாற்றட்டுமா? இப்போதுள்ள நேரத்தை நம்பி வேறு ஏதாவது இயங்குகிறதா?"

"இல்லை. மாற்றவும்," என்று அடித்தேன்.

இயங்கியது. தொழிற்சாலை முழுவதும் அந்த நேரத்தில்தான் இயங்கியது. மூன்று மணிக்கு எல்லாக் கம்பெனி பஸ்களும் ஒன்றாகக் கிளம்பி ஒரகடம் சந்திப்பில் சிக்கிக்கொள்ளும். எங்கள் பஸ்கள் மட்டும் முந்திப் போகட்டும் என்று முன்பிருந்த மேலாளர் வாய்மொழியாக ஓர் ஏற்பாடு செய்தார். சர்வரும் சுவர்க் கடிகாரங்களும் ஏழு நிமிடம் முன்னே வைக்கப்பட்டன. காலையில் ஏழு நிமிடம் முன்பே வேலை தொடங்கும், மாலையில் ஏழு நிமிடம் முன்பே முடியும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எந்தக் கையேட்டிலும் இதை எழுதவில்லை. ஆடிட்டர்கள் வருடாவருடம் இதே கேள்வியைக் கேட்பார்கள், நானும் வருடாவருடம் "இல்லை" என்பேன். கை பழகிவிட்டது.

அன்று சுவர்க் கடிகாரத்தில் மூன்றடித்ததும் ஷிப்ட் முழுவதும் வாசல் கருவியில் விரல் வைத்துவிட்டு பஸ் ஏறியது. சர்வர் எல்லோரையும் 'நேரத்துக்கு முன் வெளியேறியவர்' என்று குறித்துக்கொண்டது.

நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் கவலையில்லை, சூப்பர்வைசர் அந்தக் குறியை நீக்கிவிடுவார். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரே மாதத்தில் மூன்று குறி விழுந்தால் புதுப்பிப்புப் பட்டியலிலிருந்து பெயர் தானாகப் போய்விடும். டெஸ்டிங் மேசையில் இருந்த ஒரு பெண்ணுக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று அந்த மாதம் இரண்டு நாட்கள் ஷிப்ட் முடியும் முன்பே போனதில் ஏற்கெனவே இரண்டு குறி இருந்தது. மறுநாள் காலை என் அறை வாசலில் நின்றாள்.

"சார், நேத்து நீங்களும் கேட்லதான நின்னுகினு இருந்தீங்க? நான் மணி அடிச்சப்புறம்தான விரல் வெச்சேன்?"

"ஆமாம்மா."

"அப்போ சொல்லுங்க சார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு லிஸ்ட்டு பூடுமாம்."

"முறைப்படி எழுதி அனுப்பிடறேன்."

"இன்னாவோ பண்ணுங்க. பேரு இருந்தா சரி."

எழுதினேன். கடிகாரம் முந்தியிருந்ததையும், ஏஜெண்ட் கேட்டதையும், நான் இல்லை என்றதையும் மறைக்காமல் எழுதினேன். அந்த அறிக்கைக்கு மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு மதியத்துக்குள் கிடைத்தன. மூன்றாமவர் சென்னையில் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தார், போட்டார். மனிதவளப் பிரிவுக்கு நான் போனபோது ஐந்தே முக்கால்.

அங்கிருந்த அதிகாரி தாளை வாங்கிப் படித்தார்.

"சார், லிஸ்ட் அஞ்சுக்கே காண்ட்ராக்டருக்குப் போயிடுச்சு. அவங்க வேற ஆள் போட்டுட்டாங்க. காலையில ஒரு போன் பண்ணியிருந்தா நானே அந்தக் குறிய எடுத்திருப்பேனே?"

"கையெழுத்து இல்லாமலா?"

"யாரு சார் கையெழுத்துப் பாக்கறாங்க?"

அறிக்கையைக் கோப்பில் வைத்துக்கொண்டார். அதில் ஒரு பிழையும் இல்லை.

மாதக் கடைசியில் வாசலில் அவளைப் பார்த்தேன். அடையாள அட்டையையும் பாதுகாப்பு ஷூவையும் செக்யூரிட்டியிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், மெசின் கேட்டுச்சாமே. நீங்கதான் இல்லன்னீங்களாமே?"

"ஆமாம்மா."

"அது கூட கேட்டுகினுதான் செஞ்சிருக்குது. நல்லா கீது சார் உங்க கம்பெனி."

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அதற்குள் செக்யூரிட்டி ஷூவின் எண்ணைச் சரிபார்க்கச் சொன்னார். சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

அட்டை இல்லாததால் கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாது. சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டோரம் நின்றாள். சுவர்க் கடிகாரங்களையும் சரியான நேரத்துக்கு மாற்றிவிட்டதால், எங்கள் பஸ்கள் மற்றக் கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. நானும் ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள்.