ஊசிக் கேஸை வாபஸ் வாங்கிய கதை

மொழிபெயர்ப்பு வேலை என்பது, இரண்டு பேர் கதைக்க மூன்றாவது ஆள் களைத்துப்போவது. வீட்டில் இங்கிலிஷ் தெரிந்த ஒரே பிள்ளையாய் வளர்ந்து, ரெலிபோன் கொம்பனியில் தொடங்கி அம்மாவின் பல்வலி வரைக்கும் கதைத்துக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஓரிடத்தில் இருந்து மற்றவர் சொல்வதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. கிடைத்த வேலையோ அதுவேதான். ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடி, அங்கிள் ஒருவரின் மொழிபெயர்ப்பு அலுவலகம்.

லோண்ட்றி அறைச் சட்டம்

சிவா அண்ணையும் அவர் மனைவி வசந்தி அக்காவும் வந்தபோது நான் சாப்பாட்டுப் பெட்டியை அப்போதுதான் திறந்திருந்தேன். அண்ணை கதிரையில் இருக்கவே இல்லை. "போட்ட கேஸ் ஒண்டைத் திருப்பி எடுக்க வேணும்" என்றார். அவர்கள் மொன்றியலில் இருந்த காலத்தில், கைக்குழந்தையாய் இருந்த மகன் கஜனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அந்தக் கிழமையே வலிப்பு. இப்போது நாலு வயது, வலது கால் இழுக்கிறது. ஊசியாலாக இருக்கலாம் என்றார் ஒரு டாக்டர், இல்லை என்றார் இன்னொருவர். தடுப்பூசிப் பாதிப்புக்கு அந்த மாகாண அரசாங்கம் நட்டஈடு கொடுக்கும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார்கள். முடிவு வர முதல் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார்கள்.

பிறகு ஏன் எடுக்க வேண்டும்? நேரடியாகவே கேட்டேன். அவர்களுடைய அகதி விசாரணை கிட்ட வந்துவிட்டதாம். அப்பார்ட்மென்ட் லோண்ட்றி அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு நின்ற ஒருவர் கண்டபாட்டுக்குப் பயப்படுத்தியிருக்கிறார். அண்ணை அந்த மனிசன் சொன்னதை அப்படியே ஒப்புவித்தார்: "ஒரு கையால அகதி அந்தஸ்துக் கேட்டுக்கொண்டு மற்றக் கையால நட்டஈடும் கேட்டால், உவங்கள் ரெண்டு கையையும் தட்டி விடுவாங்கள்."

ஸ்பீக்கர் போன்

மொன்றியலில் உள்ள நட்டஈட்டு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். முதலில் பிரெஞ்சு, பிறகு பாட்டு, பிறகும் பிரெஞ்சு. என் கால் மேசைக்குக் கீழே தானாக ஆடத் தொடங்கிவிட்டது. கடைசியில் இங்கிலிஷ் தெரிந்த ஒரு பெண் வந்தா. போனை ஸ்பீக்கரில் போட்டேன். வாபஸ் கடிதம் அனுப்பலாம், ஆனால் தாய் தன் விருப்பத்தோடுதான் எடுக்கிறாவா என்று கேட்டா. நான் தமிழில் கேட்டேன். வசந்தி அக்கா அண்ணையைப் பார்த்தா. அண்ணை தலையாட்டினார். அக்கா "ஓம்" என்றா.

நான் இங்கிலிஷில் சொன்னது: "ஓம் என்கிறா, ஆனால் புருசனைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறா." ஆறுதலாக யோசித்துவிட்டு இன்னொரு நாள் போன் எடுக்கச் சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டா. அண்ணைக்கு நான் சொன்னது விளங்கவில்லை, நல்லகாலம். அங்கிளுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் படியிறங்கும் மட்டும் பொறுத்திருந்து சொன்னார்: "உன்னை வாயை மொழிபெயர்க்கத்தான் வைச்சிருக்கிறன், கண்ணை இல்லை."

வக்கீலின் ஒரு வசனம்

அங்கிள் அவர்களை அகதி வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் அனுப்பினார், என்னையும் சேர்த்து. காத்திருக்கும் அறையில் ஒரே பழைய சஞ்சிகையை மூன்று பேரும் மாறி மாறிப் புரட்டினோம். உள்ளே போனால் ஒரு வசனத்தில் முடிந்தது: பிள்ளையின் நட்டஈட்டுக்கும் அகதி விசாரணைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் அதைத் தமிழில் சொன்னேன். அண்ணை திரும்பவும் கேட்கச் சொன்னார். கேட்டேன். வக்கீல் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணைக்குத் தோள் இறங்கிவிட்டது. "அப்ப கேஸ் இருக்கட்டும்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். லோண்ட்றியில் நிற்பவனுக்கு என்ன சட்டம் தெரியும் என்று கேட்டுவிட்டேன். அண்ணைக்கு உண்மையிலேயே மனவருத்தம். "அப்படிச் சொல்லாதேங்கோ தங்கச்சி, அவர் எங்களுக்கு எவ்வளவோ முதல் இந்த நாட்டுக்கு வந்தவர்."

பஸ்ஸில்

அண்ணை வேலைக்குப் போய்விட்டார். நானும் அக்காவும் ஒரே பஸ். கஜனுக்குப் பிறகு பிறந்த கடைசிப் பிள்ளைக்கும் ஊசி போட்டீங்களா என்று கேட்டேன். இப்படிக் கேட்கக்கூடாதுதான், ஆனால் எனக்குத் தெரிய வேண்டும் போல் இருந்தது. "போடாமல் விட ஏலுமே, போட்டனான்" என்றா.

பிறகு நான் கேட்காமலே சொன்னா. கஜனுக்கு ஊசி போட்ட அன்றைக்குத் தடிமனாம், மூக்கு ஒழுகினதாம். கொண்டுபோக வேண்டாம் என்று அண்ணை தடுத்தாராம். இவ கேட்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணை அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை, அதுதான் பெரிய கரைச்சல். "காசுக்குக் கேஸ் போடேல்லைப் பிள்ளை. ஒரு பெரிய டாக்டர் வந்து, 'உம்மால இல்லை' எண்டு இவருக்கு முன்னால சொல்ல வேணும்."

திரும்பவும்

செப்டெம்பரில் இருவரும் வந்தார்கள். இந்த முறை கேஸை எடுக்க வேண்டும் என்றது அக்கா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பயமெல்லாம் போயிட்டுதே, பிறகேன்? இவ்வளவு தூரம் வந்திட்டு!" அண்ணையும் என் பக்கம்தான். "நானும் அதைத்தான் கேட்கிறன்" என்றார்.

கேஸுக்காகக் கஜனை ஏற்கெனவே பல டாக்டர்கள் பார்த்தாயிற்று; மொன்றியலில் இருந்து இன்னொரு பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே கிழமை கஜனுக்குக் கிண்டர்கார்டன் முதல் நாள். ரீச்சர் குனிந்து பேரைக் கேட்டிருக்கிறா. இவன் பேரைச் சொல்லவில்லை. சேர்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் உயர்த்தி, காலை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றானாம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம். அக்கா இதைச் சொன்ன பிறகு அண்ணை மேசையில் இருந்த போனை என் பக்கம் தள்ளிவிட்டார்.

போனை எடுத்தேன். அதே பெண். கேஸை எடுத்துவிட்டால் ஊசிதான் காரணமா என்று டாக்டர்கள் முடிவு சொல்லவே மாட்டார்கள், அது தாய்க்கு விளங்குகிறதா என்று கேட்டா. நான் கேட்டேன். அக்கா இந்த முறை யாரையும் பார்க்கவில்லை. "விளங்குது எண்டு சொல்லு பிள்ளை. எனக்கு மறுமொழி வேணும் எண்டதுக்காக, அவன் இன்னும் எத்தினை பேருக்கு முன்னால சேர்ட்டைக் கழட்டுறது?"

மொழிபெயர்ப்பவர் அழக்கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு விதியும் இல்லை, ஆனால் அழுதால் அதை எந்தப் பக்கத்துக்கு மொழிபெயர்ப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.