ஏரிக்கரையில் ஓர் ஆரஞ்சுச் சட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மேற்கொண்டு நடந்தது எதுவும் புரியாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் வெளிச்சத்தில் விரித்துப் போட்டுக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பன்னிரண்டு வருடமாகக் குறையையே தேடிய கண் வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? சாம்பாரில் உப்பு, கதவில் கீச்சுச் சத்தம், பக்கத்து வீட்டு டிவி என்று எதையாவது பிடித்துக்கொண்டு கத்துவேன். என் மனைவி அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் கத்தும்போதெல்லாம் "உடுங்க, போகட்டும்" என்பாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் அதிகம் சொன்னது அந்த இரண்டு வார்த்தைகளாகத்தான் இருக்கும்.

அன்றைக்கும் அதைத்தான் சொன்னாள். வேலம்பாளையத்திலிருந்து இருவரும் பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு டவுன் பஸ் உரசுகிற மாதிரி வெட்டிக்கொண்டு முன்னால் போனது. அந்த டிரைவரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வண்டியை முறுக்கினேன். "உடுங்க, போகட்டும்" என்று பின்னாலிருந்து சொன்னாள். நான் விடவில்லை. ரோட்டோரத்து ஜல்லியில் வண்டி சறுக்கியது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவளுக்கு வலது கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மட்டமான புத்தி எனக்கு, முறிந்த கால் அவளுக்கு. ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து மாதம் கழித்து எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா சேர்ந்துருச்சுங்க. பயம்தான் இன்னும் போகல. சமதரையா ஒரு எடத்துல நல்லா நடக்க உடுங்க. தடி இல்லாம நடந்துட்டாங்கன்னா மறுபடியும் மிஷின்ல உக்காரலாம்" என்றார். சமதரைக்கு வேலம்பாளையத்தில் எங்கே போவது? சாக்கடைக்குத் தோண்டிய குழி ஒரு பக்கம், ஆள் ஏற்றும் கம்பெனி வேன் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். காலையில் நானும் கூடவே நடப்பேன். "பாத்து, கல்லு. பாத்து, குழி. பாத்து, சைக்கிள்." நான் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் தடியை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். எனக்கு அது அப்போது புரியவில்லை.

அந்த வருடம் கம்பெனி டூர் கொடைக்கானல் என்று முடிவானது. அங்கே ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ரோடு இருக்கிறது, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, குழந்தைகூட நடக்கும் என்று கட்டிங் மாஸ்டர் சொன்னார். அவள் வர மாட்டேன் என்றாள். கூட்டத்தோடு தடி ஊன்றிக்கொண்டு நடக்க வெட்கம். நான் விடாமல் நச்சரித்துக் கிளப்பினேன்.

யாரும் தொலைந்துபோகாமல் இருக்க எல்லோரும் ஒரே மாதிரி சட்டை போட வேண்டும் என்பது முதலாளியின் யோசனை. வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஆரஞ்சு நிற டீ-சர்ட் ஒரு லாட் கிடந்தது. பெரும்பகுதியை யாரோ வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு, டூருக்கென்று ஐம்பது பீஸ் எடுத்து வைத்திருந்தார். பங்கு போட்டது நான். ஓரளவு நல்லதையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவள் சட்டையை விரித்த கையோடு சொன்னாள்.

"ஏனுங்க, எடது கை ஷேடு மாறியிருக்குதுங்க."

உண்மைதான். உடம்பு ஒரு சாயத் தொட்டி, இடது கை வேறொரு சாயத் தொட்டி. ஒரு நூல் அளவு வெளிறல். "மலைல இத ஆரு பாக்கப் போறா அம்மணி?" என்றேன். மடித்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பி, அவிநாசிபாளையம், தாராபுரம், பழனி வழியாகப் போனோம். மலைப்பாதை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். அவள் எடுக்கவில்லை. அதற்கே எனக்கு ஒரு சந்தோஷம்.

படகுத்துறையில் இறங்கியதும் மற்றவர்கள் குதிரை, சைக்கிள், படகு என்று சிதறினார்கள். நாலு மணிக்கு வேன் கிளம்பும் என்றார்கள். நாங்கள் இருவரும் ரோட்டில் நடக்க ஆரம்பித்தோம். ஒரு பக்கம் பெரிய பெரிய மரங்கள், இன்னொரு பக்கம் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் தண்ணீர். எங்கள் ஊர் வாய்க்கால் அந்த வாரம் எந்தச் சாயம் ஓடியதோ அந்த நிறத்தில் இருக்கும். இந்தத் தண்ணீருக்கு நிறமே இல்லை. வானம் என்ன நிறமோ அதையே வாங்கி வைத்திருந்தது. அதை நிம்மதியாகப் பார்க்க நான் எங்கே விட்டேன்? "பாத்து, குதிரைச் சாணி. பாத்து, சைக்கிள் வருது."

கொஞ்ச தூரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க பாத்து பாத்துன்னு சொல்றப்பதானுங்க எனக்குக் கால் நடுங்குது. போயி சூடா பஜ்ஜி வாங்கிட்டு வாங்க."

சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படகுத்துறைக் கடைக்குத் திரும்பி நடந்தேன். கடையில் கூட்டம். எனக்குப் பின்னால் வந்தவனுக்கு முதலில் கொடுத்தார்கள் என்று அங்கேயும் ஒரு சண்டை. பஜ்ஜிப் பொட்டலத்தோடு வெளியே வந்தால் ஏரியைக் காணோம். அதற்குள் மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது.

பெஞ்சில் அவள் இல்லை. தடி மட்டும் சாய்த்து வைத்தபடி இருந்தது.

கால் முறிந்ததிலிருந்து தடி இல்லாமல் அவள் பாத்ரூமுக்குக்கூடப் போனதில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே செல்போன், அதுவும் என் பேண்ட் பையில். பஸ்காரனிடம் ஒரு சண்டை, பஜ்ஜிக்காரனிடம் ஒரு சண்டை, அவளைத் தொலைப்பதற்கென்றே நான் பிறந்திருக்கிறேன் என்று தோன்றியது.

அந்த ஏரி வட்டமானதில்லை. கை கையாகப் பிரிந்து கிடக்கும். எதிர்க்கரையில் இருப்பவர் கூப்பிடு தூரத்தில் தெரிவார், ஆனால் நடந்து போனால் வளைந்து வளைந்து போக வேண்டும். பனி கொஞ்சம் விலகியபோது எதிர்க்கரையில் ஓர் ஆரஞ்சுச் சட்டை அசைவது தெரிந்தது. சேலைக்கு மேலே போட்ட சட்டை. வேக வேகமாக நடக்கிறாள், நொண்டவே இல்லை. அவள்தான், திரும்பி வருகிறாள் என்று நினைத்தேன். ஒரு கையில் தடி, ஒரு கையில் பஜ்ஜி, ரோட்டில் ஓடினேன். குதிரைக்காரன் ஒருவன் ஒதுங்கி வழி விட்டான்.

வளைவில் அந்தச் சட்டை என் எதிரே வந்து நின்றது. முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கண் இடது கைக்குத்தான் போனது. தொழில் புத்தி. ஷேடு மாறவில்லை. அந்தச் சட்டையில் ஒரு குறையும் இல்லை. அவள் இல்லை.

யாரோ ஒரு பெண், முப்பது வயதிருக்கும். "என்னண்ணே, கையவே பாக்கீக?" என்றாள், கொஞ்சம் முறைப்பாக. தெற்கத்திப் பேச்சு. எங்கள் முதலாளி எடை போட்டு விற்ற சட்டை கைமாறி, இன்னொரு திருப்பூர்க் கம்பெனிக்காரர்கள் அதையே தங்கள் டூருக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடையாளத்துக்கு என்று போட்டதுதான் ஆளை மாற்றிவிட்டது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கூட்டுக்காரியக் காணோமுங்க. இதே சட்டைதானுங்க. கால் சரியில்லாதவ."

"ஆரஞ்சுச் சட்டை போட்ட பொம்பளைக இன்னைக்கு இங்க அம்பது பேருண்ணே. எல்லாரும் நல்லாத்தேன் நடக்குறாக."

சொல்ல எனக்கு வேறு அடையாளம் இல்லை. "எடது கை மட்டும் ஒரு ஷேடு கம்மியா இருக்குமுங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. பனியில், மலையில், போகிற போக்கில் அதை யார் கவனிப்பார்கள்?

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அந்த அக்காவா? பாடி டார்க்கு, கை லைட்டு. பாத்தேனே. இத எப்படிப் பாஸ் பண்ணாங்கன்னு நெனச்சுக்கிட்டேதேன் வாரேன். நானும் செக்கிங்குதாண்ணே. அந்தா, அடுத்த வளைவு தாண்டி மெல்லமாப் போய்க்கிட்டு இருக்காக. ஒண்ணும் பயமில்ல, போங்க."

போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பஜ்ஜிப் பொட்டலத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். பஸ்காரன், பஜ்ஜிக்காரன், வெளிநாட்டுக்காரன், அந்த இடது கைக்குச் சாயம் போட்டவன் என்று எல்லோரையும் அந்த நிமிடம் மன்னித்தேன்.

அடுத்த வளைவில் அவள் போய்க்கொண்டிருந்தாள். வேலியைப் பிடிக்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் லேசாக வீசிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வலது கால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். "அறிவிருக்கா உனக்கு" என்று தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று விழுங்கிக்கொண்டேன். பத்தடி பின்னால் வாயைத் திறக்காமல் நடந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நடந்தோம் என்று தெரியாது. வழியில் ஒரு கல் கிடந்தது. நான் சொல்லவில்லை. அவளே பார்த்து ஒதுங்கிப் போனாள்.

"செருப்புச் சத்தம் உங்களுதாட்டம் இருக்குது. ஆனாப் பேச்சே காணோமுங்களே" என்றாள் திரும்பாமலே.

"தடிய உட்டுட்டு வந்துட்டயே அம்மணி."

நின்றாள். தன் வெறும் கைகளைப் பார்த்தாள். "அட, ஆமாங்க. தண்ணியப் பாத்துட்டே எந்திரிச்சு வந்துட்டேன். மறந்தே போச்சு."

தடியை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். குளிரிலும் எனக்குச் சட்டை நனைந்து, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. "நீங்களே ஊனிக்குங்க. உங்களுக்குத்தான் தேவைப்படும்போல இருக்குது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். மீதி ரோடு முழுக்க நான்தான் தடி ஊன்றி நடந்தேன். வேனில் எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்து சலித்துப் போயிருந்தார்கள். "பஜ்ஜி எங்கீங்க?" என்று அவள் கேட்டபோதுதான் பசியே நினைவுக்கு வந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். கம்பெனி வேனில் வருவாள் என்று நினைத்தேன். டிபன் பாத்திரத்தோடு என் பைக் பக்கத்தில் வந்து நின்றாள். ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தடி வீட்டுக் கதவுக்குப் பின்னால் கிடந்தது.

பாதி வழியில் ஒரு டவுன் பஸ் வெட்டிக்கொண்டு முன்னால் போனது. தோளில் இருந்த விரல்கள் அழுந்தின. அவள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன், "போகட்டும்." பிரேக்கைப் பிடித்து ஓரமாக நிறுத்தினேன். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு, "இனிப் போலாமுங்க" என்றாள்.