பிழை என்று சொன்ன பேராசிரியர்

ஞாயிறு காலை தோட்டத்தில் நின்றிருந்தேன். என் மனைவி சுகந்தி கைபேசியோடு வெளியே வந்து, "ஈவன் மோசம் போயிட்டாராம். மார்கரெட்தான் எடுத்தவ" என்றாள். என் துறைப் பேராசிரியர் ஈவன் இறந்துவிட்டார். மார்கரெட் அவருடைய மனைவி. கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

அவரோடு பழகியவர்களுக்கு அவர் கதை தெரியும். ஸ்கொட்லாந்தின் வடகரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். மெய்யியல் படித்து, ஒரு வருட வேலைக்கென்று மெல்பேர்ண் வந்து, இங்கேயே தங்கிவிட்டார். வாக்குறுதி பற்றிய முதல் நூல் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. கேட்டவர் இறந்ததும் கொடுத்த வாக்கு நம்மைக் கட்டாது என்பது அதன் வாதம்.

அப்போது நான் அவர் துறையில் தற்காலிக விரிவுரையாளன். என் வேலையை நீடிப்பதா என்று முடிவெடுக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆனாலும் ஒரு கருத்தரங்கில் எழுந்து மறுத்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது, அக்காவை எப்படியும் என்னிடம் கூப்பிட்டுக்கொள்வேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த வருடமே அப்பா இறந்துவிட்டார். அந்த வாக்கு அக்காவுக்குத் தெரியாது என்பதை மட்டும் விட்டுவிட்டு, இதைச் சொன்னேன். "அப்பா இறந்த அன்றோடு நான் விடுபட்டேனா?" என்று கேட்டேன்.

ஈவன் ஜன்னலோரம் போய் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, "நான் சொன்னது பிழை. எங்கே பிழை விட்டேன் என்று இன்னும் தெரியவில்லை" என்றார்.

அதைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் உழைத்தார். இரண்டாவது நூலில் முதல் நூலைத் தானே மறுத்தார். பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்று சிலர் சிரித்தார்கள். "முதலாவதை வாங்கியவர்களுக்கு இதையாவது செய்ய வேண்டாமா?" என்றார் அவர். என் வேலையை நிரந்தரமாக்கவும் அவரே வாதாடினார்.

பின்னர் ஒருநாள் கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் கூப்பிட்டு, பென்டில் ஹில்லில் குடியேறியிருந்த அக்காவும் வந்திருந்தாள். அப்பாவின் வேண்டுகோள் அவளுக்குத் தெரியும் என்று நினைத்து, அவர் அதைப் பற்றி இயல்பாகக் கேட்டுவிட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்பா என்னைப் பற்றிக் கேட்டவரே? ஏன்ரா ஒருநாளும் சொல்லேல்லை?"

ஈவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

அதுவரை நானும் அக்காவும் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று சாயங்காலம் தொடங்கினோம், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஈவன் எனக்கு விட்டுப்போனது அந்தப் பேச்சு.