பூவை முகரக் கூடாது, விளக்கை ஊதக் கூடாது

ஊருல எல்லாரும் சும்மா செய்யுற மூச்சு விடுற வேலைக்குப் பாடம் எடுத்துச் சம்பளம் வாங்குறவ நான். எங்க வீட்டுக்காரரே இதை ஒரு வேலைன்னு ஒத்துக்கிட்டதில்ல.

மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரங்களுக்குப் புதன்கிழமை தோறும் வகுப்பு. புகையைத் தின்னு சுருங்கிப்போன மூச்சுக்குழாய் பழையபடி ஆகாது. டாக்டர் மருந்து எழுதுவாரு, சரி. வீட்டுல மூச்சு முட்டுறப்ப அவரா பக்கத்துல இருப்பாரு? அவங்கவங்களே சமாளிச்சாகணும். அதைச் சொல்லிக்குடுக்கிறதுதான் என் பொழப்பு. நோயாளிக்குப் பாடம் எடுத்தே தொண்டை வத்திப்போன நர்ஸம்மாக்களே, இது உங்களுக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம், குடியா முழுகிடப் போகுது!

பூவும் விளக்கும்

மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு, மெதுவா மூச்சை விடணும். உள்ள அடைஞ்சு கிடக்கிற காத்து அப்பத்தான் வெளிய வரும். இதுதான் முதல் பாடம். "பூவை மோந்து பாருங்க, விளக்கை ஊதி அணைங்க"ன்னு சொன்னா யாருக்கும் புரியும்னு எங்க பயிற்சியில சொல்லி அனுப்புனாங்க. திருநகர்ப் பக்கத்துல இருந்து ஒரு பிள்ளையார் கோயில் குருக்கள் வந்து உக்காருவாருன்னு அவங்க கண்டாங்களா?

சுந்தரேசக் குருக்கள் பீடி சிகரெட் தொட்டதே இல்ல. ஹோமப் புகையும் கற்பூரப் புகையும் சேந்து அவரு நெஞ்சைக் கெடுத்துருச்சு. அர்ச்சனையில நாலு நாமம் சொல்றதுக்குள்ள மேல்மூச்சு வாங்குது. ஆனி மாசம் வருஷாபிஷேகம் வருது. அன்னைக்கும் இப்படித் திணறுனா வேற ஆளைப் போட்டுருவோம்னு கமிட்டித் தலைவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாராம். குடியிருக்கிற வீடும் கோயிலோடது. வேலை போனா வீடும் போச்சு. பாவம், அந்தக் கவலையோட வந்து உக்காந்தவருகிட்டதான் நான் பூவை மோந்து பாக்கச் சொன்னேன்.

"சுவாமிக்குச் சாத்தற பூவை மோந்து பார்க்கப்படாதும்மா"ன்னாரு. சரி, விளக்கை ஊதுங்கன்னேன். ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. சூடான காப்பியை ஊதிக் குடிக்கிற மாதிரி செய்யுங்கன்னேன். ஊதினா எச்சில், ஆத்தித்தான் குடிப்போம்னாரு. விசில் அடிக்கிற மாதிரின்னு ஆரம்பிச்சேன். கூட வந்த மாமி முறைச்ச முறைப்புல பாதியிலயே நிறுத்திட்டேன். மாமி கேட்டாங்க: "ஏண்டிம்மா, எங்காத்துல செய்யப்படாததை எல்லாம் தேடித் தேடிப் பாடமா வச்சிருக்கியா?"

விபூதி

வாரம் பூரா இதே ரோசனைதான். குழம்பு கொதிக்குது, நான் அடுப்பைப் பாத்துக்கிட்டு உதட்டைக் குவிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்பத்தான் பொறி தட்டுச்சு. அடுத்த புதன்கிழமை குருக்கள் உள்ள நுழைஞ்சதும் புடிச்சுக்கிட்டேன்.

"சாமி, குழந்தை பயந்துருச்சுன்னு தூக்கிட்டு வந்தா என்ன செய்வீங்க?"

"விபூதியை மந்திரிச்சு, நெத்தில இட்டு, ஊதி அனுப்புவேன்."

"கண்ணுல விழுந்துராம எப்படி ஊதுவீங்க? ஊதிக் காட்டுங்க."

உதட்டைக் குவிச்சாரு. மெதுவா, நீளமா, பூப்போல ஊதுனாரு. என் வகுப்புல அம்புட்டுச் சுத்தமா அதுவரைக்கும் யாருமே செஞ்சதில்ல. "இதேதான் சாமி! மூச்சு முட்டுறப்ப எல்லாம் எதிர்ல ஒரு குழந்தை இருக்குன்னு நினைச்சுக்கிட்டு ஊதுங்க"ன்னு கத்தியே புட்டேன். பக்கத்து நாற்காலியில உசிலம்பட்டி மாட்டுத் தரகர் ஒச்சு அண்ணே. அவருக்கு ஒரே விசனம்: "குருக்களு அவருக்கு அவரே மந்திரிச்சுக்கிட்டாரு. எங்களுக்கெல்லாம் யாரு தாயி மந்திரிக்கிறது?"

நல்லா இழுங்க

உறிஞ்சுற மருந்து இருக்கே, இன்ஹேலரு, அதைச் சொல்லிக்குடுக்கிறதுக்குள்ள நமக்கு நுரையீரல் போயிரும். ஒருத்தர் நாக்குல வாங்கிச் சப்புக்கொட்டுவாரு. இன்னொருத்தர் இழுக்கச் சொன்னா உள்ள ஊதிக் குடுப்பாரு. டிகிரி படிச்சவங்களும் இதுக்கு விலக்கில்ல.

ஒச்சு அண்ணே கையில குடுத்து, "நல்லா ஆழமா இழுங்க, கொஞ்சம் உள்ளயே நிறுத்துங்க, அப்புறம் விடுங்க"ன்னேன். முதல் தடவையே அச்சு அசல்! எனக்குக் கொண்டாட்டம். எல்லாரையும் கை தட்டச் சொல்லி, எங்கண்ணே கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். எங்ககிட்ட ஏச்சும் பேச்சும் வாங்கி அப்பத்தான் பீடியை விட்டிருந்த மனுசன், பல்லு தெரியச் சிரிச்சாரு: "இம்புட்டு வருசமா பீடியில பழகுன பழக்கம் தாயி, வீணாப் போகல பாத்தியா!"

கொப்பளிப்பு

அந்த மருந்தை இழுத்ததும் வாய் கொப்பளிக்கணும், இல்லன்னா வாயில வெள்ளை வெள்ளையாப் புண்ணு வரும். நானும் கரடியாக் கத்துறேன், ஒருத்தரும் செய்யறதில்ல. குருக்கள் மட்டும் நான் சொல்லி வாய் மூடுறதுக்குள்ள செம்பை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. மாமி முகத்துல முதல் தடவையாச் சிரிப்பு: "இதையாவது எங்களுக்கு ஒத்தாப்பல வச்சியே, நன்னா இருப்பே!"

மஞ்சள்

உடம்பு எப்ப கெடப்போகுதுன்னு அவங்களே கண்டுபிடிக்கிறதுக்கு மூணு நிறம் சொல்லிக்குடுப்போம். வழக்கம்போல இருந்தா பச்சை. மூச்சு கூட வாங்கி, சளி நிறம் மாறுனா மஞ்சள். டாக்டர் முன்கூட்டியே குடுத்துவச்ச மாத்திரையை ஆரம்பிச்சு எங்களுக்கு போன் போடணும். பேச முடியாமத் திணறுனா சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. ரோட்டு சிக்னல் மாதிரின்னு சொன்னா சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்னு நினைச்சேன்.

மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆன அருளானந்தம் சாரை எழுப்பி, "மஞ்சள் விழுந்தா என்ன செய்யணும் சார்?"னு கேட்டேன். ஒழுக்கத்துக்குப் பேர் போனவரு, சட்டைப் பித்தான் கழுத்து வரைக்கும் போட்டிருப்பாரு. மதுரைக்காரர் இல்லையா, யோசிக்காமச் சொன்னாரு: "சிவப்பு விழுறதுக்குள்ள வேகமாப் போயிரணும் சிஸ்டர்!"

காட்டிக் குடுத்தது யாரு

வருஷாபிஷேகத்துக்கு முந்தின வாரம் மாமிகிட்ட இருந்து போன். குரலைத் தணிச்சுப் பேசுறாங்க. "இவர் பச்சைன்னே சாதிக்கிறார். சளியைப் பார்த்தா மஞ்சளா இருக்கு, ரெண்டு படி ஏறினா உட்கார்ந்துடறார்." இன்னும் நாலு நாள் இப்படியே ஓட்டுனா நேரா சிவப்புதான். வருஷாபிஷேகத்தன்னைக்கு மனுசன் கட்டில்ல கிடப்பாரு.

போனை அவருகிட்ட குடுக்கச் சொல்லி ஒரு புடி புடிச்சேன். "ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுருவாங்கன்னு பயந்துதான மறைக்கிறீங்க? இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிச்சாத்தான் படுக்காமத் தப்பிக்கலாம்!" அந்தப் பக்கம் மாத்திரை டப்பா திறக்கிற சத்தம் கேட்டுச்சு. மறுநாள் காலையில டாக்டர்கிட்ட காட்ட வந்தவரு என்னைப் பாத்ததும் மாமியைக் கை காட்டுனாரு: "நான் சுவாமிகிட்டக் கூடச் சொல்லலை, இவ உன்கிட்டச் சொல்லிட்டா!"

வரட்டி

புகைப் பக்கமே போகாதீங்கன்னு சொல்றது நமக்குச் சுலபம். போகலைன்னா அவருக்குச் சோறு? திறந்த வெளியில ஹோமம் வைங்க, காத்து வர்ற பக்கமா உக்காருங்க, தீயைப் பாத்துக்க வேற ஆளை வைங்கன்னு இந்த போனுக்கு முன்னாலயே ஒரு வகுப்புல பேசிக்கிட்டிருந்தோம். காயாத வரட்டிதான் ரொம்பப் புகையுதுன்னாரு குருக்கள். அடுத்த வாரம் உசிலம்பட்டி பஸ்ஸுல ஒரு சாக்கு வந்து இறங்குச்சு, உள்ள சருகாக் காஞ்ச வரட்டி. செக்யூரிட்டி அதை உள்ள விடவே மாட்டேன்னுட்டாரு. ஒச்சு அண்ணே வாசல்லயே வச்சுக் குருக்கள் கையில ஒப்படைச்சாரு: "எங்க மாடு போட்டது சாமி, புகைஞ்சா என்னையக் கேளு!"

வருஷாபிஷேகம்

சர்ச்சுக்குப் போற வேதக்காரி எனக்கு அங்க என்ன வேலைன்னு கேக்காதீங்க, மனசு கேக்கல, போயிட்டேன். கூட்டத்துக்குப் பின்னால ஒரு தூணோரமா நின்னேன். ஹோமம் ஒரு வழியா முடிஞ்சுது. இனிதான் அர்ச்சனை. குருக்கள் ஆரம்பிச்சாரு. ஒரு நாமம் சொன்னாரு. நிறுத்துனாரு. மாதாவே, இந்தப் பிள்ளையார் கோயில்ல இவரு மூச்சை நீதான் பாத்துக்கணும்னு வேண்டிக்கிட்டேன். அவரு உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதிட்டு, அடுத்த நாமத்தைச் சொன்னாரு. மறுபடி ஊதல், மறுபடி நாமம். கணீர்னு கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சிட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துருச்சு.

பக்கத்துல பட்டு வேட்டியோட ஒருத்தர் கன்னத்துல போட்டுக்கிட்டிருந்தாரு. யாருன்னு கேட்டா கமிட்டித் தலைவராம். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. என் கண்ணைப் பாத்துட்டு அவராவே சொன்னாரு: "முன்னெல்லாம் அவசர அவசரமாச் சொல்லி மூச்சு வாங்குவாரும்மா. இப்பப் பாருங்க, ஒவ்வொரு பேரா நிறுத்தி நிதானமாச் சொல்றாரு, நடுவுல ஏதோ ரகசிய மந்திரம் வேற ஊதுறாரு. இப்பேர்ப்பட்ட மனுசனை விட்டுட்டு வேற ஆளைத் தேடப் பாத்தோமே!"

நோயைக் குணமாக்க முடியாத எங்க தொழில்ல, மூச்சுத் திணறலுக்கு நிதானம்னு பேர் வாங்கிக் குடுக்கிறதே பெரிய வைத்தியம்தான்.