அப்பா ஒப்பித்த ஆறு வரிகள்

கோந்த்வாவில் நான் தனியாகக் குடியிருக்கும் ஃபிளாட்டின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டு மராத்திப் பெண் கல்லூரியில் பிரெஞ்சு படிக்கிறாள். இன்று மாலை அவள் "கெ ஜூஸ் பார்லே, கெ த்யூ யூஸ் பார்லே" என்று உருப்போடுவது கேட்டதும், கையிலிருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

புதுச்சேரியில் அப்பா பிரெஞ்சு வாத்தியார். அம்மா சண்டை போட்டால் பதில் பேசமாட்டார். ஷேவிங் கண்ணாடியைப் பார்த்தபடி, 'பேசு' என்ற வினைச்சொல்லை நான், நீ, அவன் என்று ஆறு ஆறு வரியாக, ஒவ்வொரு காலமாக ஒப்பிப்பார். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. சுலபமான காலங்களிலேயே அவர் நிறுத்திவிட்டால் சின்னச் சண்டை. எனக்குச் சீக்கிரம் சோறு கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பெண் இன்று உருப்போட்டது கடைசியில் வருகிற காலம்; அதைப் பிரான்சிலேயே யாரும் பேசுவதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலம்வரை அவர் போனது ஒரே ஒரு நாள்தான்.

அன்று அம்மா பையோடு வாசலில் நின்றாள்.

"எங்கம்மா வூட்டுக்குப் போறேன். போவாதன்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அப்பா அந்தக் கடைசிக் காலத்தின் ஆறு வரிகளையும் ஒப்பித்தார். அவர் முடிக்கும்வரை அம்மா காத்திருந்தாள். அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

பத்து நாளில் அம்மா திரும்பி வந்தாள். அதன்பின் அவரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. அவரும் ஒப்பிக்கவில்லை. வீட்டில் சண்டையே இல்லாமல் போயிற்று.

சுவருக்கு அப்பால் அந்தப் பெண் நாலாவது வரியில் தடுமாறி நின்றாள். மீதி மூன்று வரிகளையும் நான் இங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ. காலையிலிருந்து நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.