பேர் கேட்டு ஊற்றிய கூழ்

புளித்த கேழ்வரகு மாவு பெரிய அண்டாவில் கொதிக்கும் வாசனைதான் எனக்கு ஆடி மாதம். எங்கள் தெருவில் அதற்குக் "கேவுரு கூழு" என்று பேர், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூருக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. மாரியம்மன் கோயில் வாசலில் அப்பாதான் மொண்டு ஊற்றுவார், பாத்திரம் நீட்டியவரிடம் யார், எந்த ஊர் என்று மட்டும் கேட்கவே கூடாது. "கேட்டா ஆத்தா கோச்சுக்குவா" என்பார்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு அந்த வழக்கம் செல்லாமல் போயிற்று. வெளியாள் யார் வந்தாலும் ஸ்டேஷனில் சொல்லவேண்டும் என்று உத்தரவு. பஸ் நிற்கும் இடத்தில் புதுமுகம் ஒன்று தெரிந்தால் பேச்சு அப்படியே அடங்கிவிடும். சென்னையிலிருந்து வந்த என் சொந்தச் சித்தப்பாவைப் பற்றியே பக்கத்து வீட்டார் போய்ச் சொல்லிவிட்டு வந்து, வெட்கமே இல்லாமல் எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தார்கள்.

அந்த ஆடியில் அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்தார். கூழ் வாங்குகிறவர்களின் பேரும் ஊரும் எழுத ஆள் வேண்டும் என்றார். ஐந்தாம் வகுப்பில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான், விடுவேனா? முந்திக்கொண்டு ஓடினேன். "வேணாம்மா" என்று அப்பா வாய்க்குள்ளேயே முனகினார். எனக்கோ தலைகால் புரியாத பெருமை!

இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி தூக்குவாளியை நீட்டினாள். பேர் செல்வி என்றாள்.

"எந்த ஊரு?" என்று அதட்டினேன்.

"ஊருன்னு இன்னா சொல்றது கண்ணு? செங்கல் சூளைக்குச் சூளை போய்க்கினே கீறோம்."

ஏதாவது ஓர் ஊரை நானே எழுதியிருக்கலாம். பாவி, "சார், இவங்க ஊரு சொல்ல மாட்றாங்க!" என்று கத்தினேன்.

"கொயந்தைக்காச்சும் ஊத்திட்றேன் சார்" என்று அப்பா கெஞ்சினார். "உன் வேலையப் பாருய்யா" என்ற போலீஸ்காரர், தாயையும் பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் அப்பா வாலாஜாபாத் வரைக்கும் சூளை சூளையாக விசாரித்தார். செல்வியைத் தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொன்னால் தங்கள் பேரும் நோட்டில் ஏறிவிடுமே என்ற பயம். ஸ்டேஷன் வாசலிலேயே அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாயும் பிள்ளையும் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த ஆடியிலிருந்து அவர் கரண்டியைத் தொடவுமில்லை.

சூளைகள் போய்க் கம்பெனிகள் வந்துவிட்டன. இப்போது அதே வாசலில் நான்தான் ஊற்றுகிறேன். போலீஸ்காரரும் இல்லை, நோட்டும் இல்லை. போன ஆடியில் ஷிப்ட் முடிந்து வந்த தெற்கத்திப் பெண் ஒருத்தி, நான் கரண்டியைத் தூக்கும் முன்பே தன் பேரையும் ஊரையும் கம்பெனியையும் மளமளவென்று ஒப்பித்து, கழுத்தில் தொங்கிய அட்டையையும் திருப்பிக் காட்டினாள்.

"நான் ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றேன்.

"பரவால்லக்கா, எழுதிக்கிடுங்க" என்றாள்.